ஒரு தேசத்தின் பிரதிக்ஞை

பெங்களூரு நகரில், கப்பன் பூங்காவுக்கு அருகே அம்பேத்கர் வீதியில், கருங்கற்களால் எழுப்பப்பட்ட விதான சௌதா கம்பீரமாக நிற்கிறது. 1951-ஆம் ஆண்டு பண்டித நேரு அடிக்கல் நாட்டிய இந்தச் சட்டமன்றக் கட்டிடம், அன்றைய மைசூர் மாநில முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தையாவின் பெருமுயற்சியால் 1956-இல் நிறைவுற்றது. அதன் முகப்பில், உள்ளே நுழையும் எவர் கண்ணிலும் படும்படி ஒரு சிறு வாக்கியம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசுப் பணி ஆண்டவன் பணி என்பது அதன் பொருள்.

இந்த வாக்கியம் உண்மையா, பொய்யா? உள்ளே நடைபெறுவதை அப்படியே வருணிக்கும் வாக்கியம் என்று இதைக் கொண்டால், உண்மை என்று சொல்ல நாம் தயங்குவோம். அலுவலகப் படிகளில் பலமுறை ஏறி இறங்கிய ஏழைக் குடியானவன் இதைப் படித்துக் கசப்புடன் சிரிக்கக்கூடும். அப்படியானால் இது பொய் என்று சொல்லி, உளியால் செதுக்கி எடுத்துவிடலாமா? அதற்கும் நம் மனம் ஒப்புவதில்லை. அந்த வாக்கியம் அங்கே இருப்பதால்தானே அந்த ஏழையின் கசப்பில் ஒரு நியாயம் இருக்கிறது!

மீமாம்சை ஆசிரியர்கள் வாக்கியங்களை ஆராயும்போது ஒரு பாகுபாட்டைக் கூறுவார்கள். ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுத்துரைப்பது ஒரு வகை. அது 'சித்தம்' பற்றியது. இனிமேல் சாதிக்க வேண்டிய ஒன்றை நோக்கிக் கேட்பவனைச் செலுத்துவது மற்றொரு வகை. அது 'சாத்யம்' பற்றியது. விதான சௌதாவின் வாக்கியம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆயினும் அது கட்டளையைப்போல் ஒலிக்காமல், உள்ளதை உரைப்பதுபோல் ஒலிக்கிறது. இப்படிப்பட்ட வாக்கியங்களின் வாய்மையை எதைக்கொண்டு அளப்பது? சொன்னவர் சொன்னபடி வாழாதபோது, அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்வியை ஆராய மிகத் தகுந்த இடம் அமெரிக்கா. பெரும்பாலான நாடுகள் மொழியாலும் குலத்தொடர்ச்சியாலும் நெடுங்கால நினைவுகளாலும் தங்களை இன்னாரென்று அறிந்துகொள்கின்றன. அமெரிக்காவிலோ, மண்ணின் பூர்வகுடிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பல நாட்டினர் வந்து குடியேறினர். ஆப்பிரிக்க மக்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான முன்னோர் இல்லை. 'நாம் யார்?' என்று அந்நாடு தன்னைக் கேட்டுக்கொண்ட போதெல்லாம், விடையைச் சில சிறிய உரைகளிலும் பிரகடனங்களிலும்தான் தேடியிருக்கிறது. நம் அன்பர்கள் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே வாழ்கிறார்கள். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் அங்கே செல்கிறார்கள். அந்நாட்டின் செல்வத்தையும் தொழில்நுட்பத்தையும் நாம் நன்கு அறிவோம். அதன் சொல்லை அறிந்திருக்கிறோமா?

எழுதியவர் மீறிய வாக்கியம்

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம் அந்தச் சொல்லின் பிறப்பிடம். 2026-ஆம் ஆண்டு அதன் 250-ஆம் ஆண்டு. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். உயிர்வாழ்வதும் சுதந்திரமும் இன்பத்தை நாடுவதும் படைத்தவனே அளித்த, பறிக்க முடியாத உரிமைகள். இவை நிரூபணம் வேண்டாத உண்மைகள் என்பது அதன் உயிர்நாடியான வாக்கியத்தின் கருத்து.

இதை வரைந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அவர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதியை அவர் தம் முதல் வரைவில் சேர்த்திருந்தார். அன்றைய பேரவை அதை நீக்கிவிட்டது. தம் கையெழுத்தால் எல்லா மனிதரின் சமத்துவத்தையும் எழுதியவரின் வயல்களில், விலைக்கு வாங்கப்பட்டவர்களும் அடிமைகளுக்குப் பிறந்தவர்களும் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே இரண்டு எளிய முடிவுகள் நம்மை அழைக்கின்றன. 'எல்லாம் வெறும் வேடம். வாக்கியத்தைக் குப்பையில் எறியுங்கள்' என்பது ஒன்று. 'எத்தனை அழகிய வாக்கியம்! வயல்களில் நடந்ததைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்?' என்பது மற்றொன்று. முதலாவது கசப்பு, இரண்டாவது முகத்துதி. அமெரிக்காவின் சிறந்த குரல்கள் இவ்விரண்டையும் விலக்கி மூன்றாவது வழியைக் கண்டன. அந்த வழியைத் திறந்தவர்கள், அந்த வாக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

வெளியே நின்றவர்களின் குரல்

ஃபிரடெரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பி ஓடி விடுதலை பெற்றவர். ராச்செஸ்டர் நகர மக்கள் சுதந்திர தின விழாவையொட்டிப் பேசுமாறு அவரை அழைத்தார்கள். 1852 ஜூலை 5 அன்று அவர் பேசினார். நாட்டை நிறுவியவர்களின் துணிவை முதலில் மனமாரப் போற்றினார். பிரகடனத்தின் கொள்கைகள் நாட்டைக் காக்க வல்லவை என்றார். பிறகு, அடிமைக்கு உங்கள் சுதந்திர தினம் என்ன பொருள் தரும் என்று கேட்டார். விழா உங்களுடையது, எனக்குரியதன்று என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மேடைக்கு அழைத்தவர்களின் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார்.

அவர் பிரகடனத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'நீங்கள் சொன்னது பொய்' என்று கூறாமல், 'நீங்கள் சொன்னது மெய். அதை நடத்திக் காட்டுங்கள்' என்றார். தன்னை அடிமைப்படுத்தியவர்களின் வாக்கியத்தையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1848 ஜூலையில் செனெகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்னின்று வரைந்த அறிக்கை, பழைய பிரகடனத்தின் நடையிலேயே அமைந்தது. 'மனிதர்' என்பதைக் குறித்த ஆண்பால் சொல்லை அடுத்து 'பெண்களும்' என்று சேர்த்ததே அவர்கள் செய்த பெரிய மாற்றம். அந்தச் சிறு மாற்றம் நாட்டின் சட்டத்தில் வாக்குரிமையாக ஏற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு சொல்லைச் சேர்க்க ஒரு நாள் போதும். அதை வாழ்வில் சேர்க்க 72 ஆண்டுகள் தேவைப்பட்டன.

லிங்கன் மாற்றிய ஒரு சொல்

1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் நடந்த போரில் இருதரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அங்கே அமைந்த இடுகாட்டின் அர்ப்பண விழா நவம்பர் 19 அன்று நடைபெற்றது. புகழ்பெற்ற சொற்பொழிவாளர் எட்வர்டு எவரெட் இரண்டு மணிநேரம் பேசினார். அவருக்குப் பின் எழுந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் சுமார் 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொண்டார். அந்த உரை இந்த இதழின் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. ஆனால் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

அந்த உரையில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, லிங்கன் நாட்டின் பிறப்பை எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டார். 1863-இலிருந்து எண்பத்தேழைக் கழித்தால் வருவது 1776. அடிமைமுறையோடு சமரசம் செய்துகொண்ட அரசியல் சட்டம் வரையப்பட்ட 1787-ஐ அவர் பிறப்பாண்டாகக் கொள்ளவில்லை. சமத்துவத்தை அறிவித்த ஆண்டையே கொண்டார். ஒரு நாடு, தான் செய்த சமரசத்தால் தன்னை அறிந்துகொள்வதா, தான் கொண்ட இலட்சியத்தால் அறிந்துகொள்வதா என்ற கேள்விக்கு இது அவர் அளித்த விடை.

இரண்டாவது நுட்பம் இன்னும் ஆழமானது. ஜெஃபர்சன் சமத்துவத்தை நிரூபணம் வேண்டாத உண்மை என்றார். லிங்கன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, நிரூபிக்கப்பட வேண்டிய ஒரு கூற்று என்ற பொருள்தரும் சொல்லைக் கையாண்டார். அதற்கு அர்ப்பணிக்கப்பட்ட நாடு அமெரிக்கா என்றார்.

நியாய சாஸ்திரம் பயின்றவர்கள் இதைக் கண்டதும் ஒரு சொல்லை நினைவுகூர்வார்கள். அனுமானத்தின் ஐந்து உறுப்புகளில் முதலாவது 'பிரதிக்ஞை'. மலையில் நெருப்பு உள்ளது என்று முதலில் கூறுவது பிரதிக்ஞை. அதன்பின் காரணத்தையும் உதாரணத்தையும் காட்டி அதை நிலைநாட்ட வேண்டும். அதே சொல்லுக்கு நம் வழக்கில் சபதம், உறுதிமொழி என்ற பொருளும் உண்டு. பீஷ்மர் செய்ததும் பிரதிக்ஞையே. நிரூபிக்க வேண்டிய கூற்றும், நிறைவேற்ற வேண்டிய சபதமும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் பொருள் நிறைந்தது. மனிதர் அனைவரும் சமம் என்பது ஏட்டில் நிரூபிக்கக்கூடிய கூற்றன்று. வாழ்ந்து காட்டுவதே அதற்கு நிரூபணம். அதனால்தான் லிங்கன், இறந்தவர்களைப் புகழ்வதோடு நில்லாமல், எஞ்சிய பணிக்கு உயிரோடிருப்பவர்கள் தங்களை அர்ப்பணிக்க வேண்டும் என்று முடித்தார்.

1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையும் சிறியதே. வெற்றி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தோற்றுக்கொண்டிருந்தவர்களை இகழவில்லை. இருதரப்பினரும் ஒரே வேதநூலைப் படித்து ஒரே இறைவனை வேண்டுவதை எடுத்துக்காட்டினார். அடிமைகளிடமிருந்து உறிஞ்சிய உழைப்புக்கு நாடு முழுவதும் செலுத்தும் கடனாக அந்தப் போர் இருக்கக்கூடும் என்றார். நாம் கர்மம் என்று சொல்வதை அவர் தம் மரபின் மொழியில் சொன்னார். பகைமையின்றி, காயங்களுக்குக் கட்டுப்போட அழைத்தார். ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 15 அன்று, கொலையாளியின் குண்டுக்குப் பலியானார். அவ்வாண்டு முடிவதற்குள் அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆம் சட்டத்திருத்தம் நிறைவேறியது.

ஒன்பது முறை உபதேசம்

சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று, கர்வத்தோடு திரும்பிய சுவேதகேதுவுக்குத் தந்தை உத்தாலகர் ஒரே மகாவாக்கியத்தை ஒன்பது முறை உபதேசிக்கிறார். ஒவ்வொரு முறையும் மகன் இன்னும் விளக்குமாறு வேண்டுகிறான். தந்தை தேன், நதி, ஆலம்வித்து, நீரில் கரைந்த உப்பு என்று புதிய உதாரணத்தோடு மீண்டும் அதையே கூறுகிறார். வாக்கியம் மாறுவதில்லை, கேட்பவனின் தடை ஒவ்வொன்றாக நீங்குகிறது.

ஒரு தேசமும் இப்படித்தான் கற்கிறது போலும். ஜெஃபர்சன் கூறிய வாக்கியத்தைச் செனெகா ஃபால்ஸ் பெண்கள் மீண்டும் கூறினார்கள், டக்ளஸ் கூறினார், லிங்கன் கூறினார். நூறாண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்டு 28 அன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில், சுமார் இரண்டரை லட்சம் மக்களின் முன் மார்ட்டின் லூதர் கிங் மீண்டும் கூறினார். நாட்டை நிறுவியவர்கள் எழுதிக்கொடுத்தது ஒரு புரோநோட்டு. கறுப்பின மக்களைப் பொறுத்தவரை நாடு அந்தக் கடனைத் தீர்க்கத் தவறிவிட்டது. அதைப் பெறவே வந்திருக்கிறோம் என்பது அவர் உரையின் முற்பகுதியில் உள்ள கருத்து. அவருடைய கனவைப் பற்றிய பிற்பகுதியை எல்லோரும் அறிவர். கடனைப் பற்றிய முற்பகுதியை மறந்தால், அந்தக் கனவு வெறும் அலங்காரமாகிவிடும்.

கிங்கின் அறவழியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. வால்டன் குளக்கரையில் பகவத்கீதையைப் படித்த தோரோ, அடிமைமுறையை அனுமதிக்கும் அரசுக்கு வரி செலுத்த மறுத்து 1846-இல் ஓர் இரவு சிறையிலிருந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவருடைய கட்டுரையைக் காந்தியடிகள் போற்றினார். காந்தியடிகளின் சத்தியாகிரகத்தைக் கிங் தம் மக்களின் போராட்ட முறையாக ஏற்றார்.

அந்தப் போராட்டத்தின் பயனில் நம்மவருக்கும் பங்குண்டு. 1923-இல், பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர் 'வெள்ளையர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று கூறி, அவருக்குக் குடியுரிமை இல்லையென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அந்நாட்டு இராணுவத்தில் பணியாற்றியவர். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சிறிது திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்றது. இனஅடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் 1964-இல் வந்தது. பிறந்த நாட்டைக்கொண்டு ஒதுக்கீடு செய்யும் பழைய முறையை நீக்கிய குடியேற்றச் சட்டம் அடுத்த ஆண்டே, 1965-இல், அதே அலையில் வந்தது. நம் பிள்ளைகள் சென்ற வழியில், அடிமைகளின் வழித்தோன்றல்கள் பட்ட அடியும் சிந்திய இரத்தமும் இருக்கின்றன. அங்கே வாழும் நம் குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் கடமை.

சமத்துவம் எங்கே இருக்கிறது?

இப்போது தத்துவக் கேள்விக்கு வருவோம். மனிதர் அனைவரும் சமம் என்பது எந்த வகையில் உண்மை? கண்ணால் காண்பதெல்லாம் வேற்றுமை. உடல்வலிமை, அறிவு, குணம், செல்வம் இவற்றில் எந்த இருவரும் சமமானவர் அல்லர். புலன்களின் சாட்சியத்தை மட்டும் நம்பினால், சமத்துவம் இனிய கற்பனையாகவே நிற்கும். பிரகடனம் அதற்குப் படைத்தவனைச் சான்றாக அழைத்தது. வேதாந்தம் இன்னும் உள்ளே சென்று விடை தருகிறது. உடலும் மனமும் உபாதிகள். அவற்றில் ஏற்றத்தாழ்வு உண்டு. எல்லா உபாதிகளிலும் ஒளிரும் ஆன்மா ஒன்றே. அங்கே சமத்துவம் 'சித்தம்'; அது ஏற்கெனவே உள்ளது. சமுதாயத்தில் அது 'சாத்யம்'; சாதிக்கப்பட வேண்டியது. ஜெஃபர்சன் சொன்னதும் லிங்கன் சொன்னதும் இந்த இரு நிலைகளில் பொருந்துகின்றன.

இந்த ஒளியை ஏந்தி அமெரிக்கா சென்றவர் சுவாமி விவேகானந்தர். 1892-இல் பெங்களூருவில் திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகத் தங்கி, மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் அன்பைப் பெற்ற அந்த இளம் துறவி, அடுத்த ஆண்டு சிகாகோவின் மேடையில் நின்றார். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் முதலில் உச்சரித்த விளி, அங்கிருந்தோரைச் சகோதர சகோதரிகளாக ஏற்றது. அது சபை மரியாதைக்காகச் சொன்னதன்று என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று. அந்நாட்டின் சில ஊர்களில், அவரைக் கறுப்பினத்தவர் என்று எண்ணி விடுதிகளில் இடம் மறுத்தார்கள். தாம் இந்தியர் என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் ஒருவர் கேட்டபோது, மற்றொருவரைத் தாழ்த்தித் தாம் உயர்வதா என்று வியந்தார். ஒரு கறுப்பினச் சுமைதூக்கும் தொழிலாளி, தம் இனத்தவர் ஒருவர் இத்தனை பெருமை பெற்றாரே என்று மகிழ்ந்து கைகுலுக்க வந்தபோது, சுவாமிஜி அதைத் திருத்தாமல் அவரைச் சகோதரர் என்றே அழைத்துக் கைகளைப் பற்றிக்கொண்டார். சிகாகோ மேடையில் ஒலித்த சொல்லுக்கு அந்தக் கைப்பற்றுதலே நிரூபணம்.

அமெரிக்காவின் குறைகளை நேரில் கண்டவர் அவர். ஆயினும் 1898 ஜூலை 4 அன்று ஸ்ரீநகரில், தம் அமெரிக்க சிஷ்யைகள் மகிழும்படி இரகசியமாக ஏற்பாடு செய்து, ஒரு தையற்காரரைக்கொண்டு அந்நாட்டுக் கொடியைத் தைக்கச் செய்தார். படகைப் பசுந்தழைகளால் அலங்கரிக்கச் செய்தார். சுதந்திரத் திருநாளை வாழ்த்தி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை அன்று காலை படிக்கப்பட்டது. சகோதரி நிவேதிதை இதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் வாழ்த்தியது அமெரிக்காவின் நடத்தையை அன்று; அதன் பிரதிக்ஞையை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஜூலை 4 அன்று அவர் மகாசமாதி அடைந்ததை அன்பர்கள் அறிவர்.

நம் முன்னுள்ள கண்ணாடி

இதுவரை பிறர் வீட்டைப் பார்த்தோம். இனி நம் வீட்டைப் பார்க்க வேண்டும். இல்லாவிடில் இந்தச் சிந்தனை புறங்கூறுதலாக முடியும்.

அமெரிக்கா தன் வாக்கியத்துக்கு ஏற்ற தத்துவ அடிப்படையைத் தேடியது. நம்மிடம் அடிப்படை இருந்தது, வாழ்வு இல்லை. 1893 ஆகஸ்டு 20 அன்று, சிக்மகளூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தம் சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் சுவாமிஜி இதை நெஞ்சு பொறுக்காமல் சொல்கிறார். மனிதனின் மேன்மையை இந்து மதத்தைப்போல் உயர்வாகப் போதித்த மதம் வேறில்லை. ஏழைகளையும் தாழ்த்தப்பட்டவர்களையும் அதைப்போல் மிதித்த மதமும் வேறில்லை. குற்றம் மதத்தினுடையதன்று, அதன் பெயரால் நடந்துகொண்டவர்களுடையது என்பது அவர் கருத்து. மறு ஆண்டு, 1894 ஜூன் 23 அன்று, சிகாகோவிலிருந்து மைசூர் மகாராஜாவுக்கு எழுதியபோதும், ஏழைகளின் நிலையையும் அவர்களுக்குக் கல்வி அளித்து இழந்த தன்மதிப்பை மீட்பதையுமே வலியுறுத்தினார்.

1959-இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் ஒரு நிகழ்ச்சியைப் பின்னர் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். கிங் முதலில் திடுக்கிட்டார். பிறகு தம் நாட்டுக் கறுப்பின மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் ஒரு தீண்டத்தகாதவனே என்று உணர்ந்தார். அந்தத் தலைமையாசிரியர் அன்போடுதான் சொன்னார். அந்த அன்பில் இரண்டு நாடுகளின் குற்றமும் ஒருசேரத் தெரிகிறது.

நமக்கும் ஒரு பிரதிக்ஞை உண்டு. நம் அரசியல் சட்டத்தின் முகப்புரை ஒரே வாக்கியம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கையும் இந்திய மக்களாகிய நாமே நமக்கு உறுதியளித்துக்கொள்கிறோம். சட்டம் ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், 1949 நவம்பர் 25 அன்று, டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய உரையில் அமெரிக்காவைப் பற்றிய ஒரு செய்தி வருகிறது. அந்நாட்டுத் திருச்சபை ஒன்று தன் பிரார்த்தனையில் 'எங்கள் தேசத்தை' என்று சொல்லத் தயங்கி, 'இந்த ஐக்கிய மாநிலங்களை' ஆசீர்வதிக்குமாறு வேண்டியதாம். அவர்களுக்கே தாங்கள் ஒரு தேசம் என்ற உணர்வு வர இத்தனை தடை இருந்ததென்றால், பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் நாம் ஒரு தேசம் என்று எண்ணிக்கொள்வது பெரும் மயக்கம் என்று எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும் சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வுமாக முரண்பாடுகள் நிறைந்த வாழ்வில் காலெடுத்து வைக்கிறோம் என்றார். சகோதரத்துவம் இல்லாமல் மற்றவை வேரூன்றா என்றார். அம்பேத்கரின் சிலை இன்று விதான சௌதாவின் எதிரே நிற்கிறது.

வேதாந்திகளாகிய நமக்கு இங்கே ஒரு தனி ஆபத்து உண்டு. 'ஆன்மாவில் எல்லோரும் சமம், அது பாரமார்த்திகம். வியவகாரத்தில் வேற்றுமை இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லி எளிதில் தப்பித்துக்கொள்கிறோம். இது சங்கரரின் தத்துவத்தை நம் சௌகரியத்துக்குக் கேடயமாக்குவது. உயர்ந்த உண்மை கீழ்நிலையைத் திருத்த வந்தது. அதை மன்னித்துவிட வந்ததன்று. 1896-இல் லண்டனில் நிகழ்த்திய நடைமுறை வேதாந்தச் சொற்பொழிவுகளில், வாழ்வில் பயன்படாத வேதாந்தம் எதற்கு என்ற நோக்கிலேயே சுவாமிஜி பேசினார்.

கேட்டல், சிந்தித்தல், வாழ்தல்

2023 ஜூன் மாதம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு முடிவு செய்தது. செப்டம்பர் 15 அன்று விதான சௌதாவிலும் மாநிலமெங்கும் அது ஒரே சமயத்தில் வாசிக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் வாசிப்பது சிரவணம் மட்டுமே. அதன்பின் மனனமும் நிதித்யாசனமும் வேண்டும் என்பது நம் ஆசாரியர்கள் வகுத்த முறை.

மனனம் என்பது தடைகளை எழுப்பிப் பார்ப்பது. இந்த வாக்கியம் இன்று யாருக்குப் பொய்யாக இருக்கிறது? டக்ளஸ் கேட்ட இந்தக் கேள்வியை, வெளியே நிற்பவன் வந்து கேட்கும்வரை காத்திராமல், உள்ளே இருப்பவர்களாகிய நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பெங்களூருவின் தெருக்களை விடியுமுன் பெருக்கும் பௌரகார்மிகர்களில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் பலர். அவர்களில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் தருகிறோம்? சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிப்ட் இருக்கிறது. அதே குடியிருப்பிலிருந்து அமெரிக்கா சென்ற பிள்ளை, தன் நிறத்துக்காக யாரோ அவமதித்ததாகத் தொலைபேசியில் சொன்னால் தாயின் மனம் பதைக்கிறது. பதைக்க வேண்டியதுதான். அந்தப் பதைப்பு கீழ்த்தளத்தில் தனி லிப்டுக்காகக் காத்து நிற்கும் பெண்ணிடமும் செல்லுமானால், அதுவே மனனத்தின் பலன்.

நிதித்யாசனம் என்பது அந்தப் பலனில் நிலைத்து நிற்பது. அதற்குப் பெரிய மேடைகள் தேவையில்லை. தண்ணீரை நம் வீட்டார் குடிக்கும் அதே டம்ளரில் கொடுக்கலாம். வேலை செய்பவரைப் பெயரும் மரியாதையும் கொடுத்து அழைக்கலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, தனி லிப்ட் ஏன் என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவர் அன்று தனித்து நிற்க நேரிடும். ராச்செஸ்டர் மேடையில் டக்ளஸும் அப்படித்தான் நின்றார்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சொன்னவர் மீறியதனால் ஒரு பிரதிக்ஞை பொய்யாகிவிடுவதில்லை; அது கடனாகிறது. கடன் பத்திரத்தைக் கிழிப்பவன் ஏமாற்றுகிறான். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிப் பூசை செய்பவனும் ஏமாற்றுகிறான். அதை அடைக்கத் தொடங்குபவனே சொல்லுக்கு உரியவன். சொல்லுதல் எல்லோருக்கும் எளிது, சொன்னபடி செய்தல் அரிது என்று வள்ளுவப் பெருந்தகை உணர்த்தியது தனிமனிதனுக்கும் தேசத்துக்கும் ஒருங்கே பொருந்தும்.

கறுப்பினத் தொழிலாளியின் கையைச் சகோதரனின் கையாகப் பற்றிய சுவாமிஜி, நம் நாவில் உள்ள உயர்ந்த சொற்களை நம் கைகளுக்கும் அருளட்டும். ஒவ்வோர் உயிரிலும் இறைவனைக் கண்டு தொண்டு புரியும் மனத்தை நமக்குத் தருமாறு குருதேவரின் திருவடிகளில் பிரார்த்திப்போமாக.